மேட்டர்ஹார்ன் ஏரியில் தெரிய: ரிஃபெல்சே, ஸ்டெல்லிசே அனுபவங்கள்

சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரம் ஏரித் தண்ணீரில் பிரதிபலிப்பதைப் படமெடுக்க, அடிவார ஊரான செர்மாட்டில் தங்கி, காலை ரயிலில் ரோட்டன்போடன் நிலையத்தில் (2,815 மீ) இறங்கி ரிஃபெல்சே ஏரிக்குப் போவதுதான் எல்லோரும் போடும் திட்டம். நடை பத்தே நிமிடம். ஆனால் ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே மலையுச்சி சிவந்துவிடும். வழக்கமான முதல் ரயில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நம் பக்கம் பார்த்திருப்பது கிழக்கு முகம். செந்நிறம் உச்சியில் தொட்டு மெல்லக் கீழிறங்கி, சிறிது நேரத்தில் மஞ்சளாகி வெளுத்துவிடும். வெயில் சரிவைச் சூடாக்கியதும் காற்று மேலேறத் தொடங்கும், தண்ணீர் சிலிர்க்கும், பிம்பம் போய்விடும். ஆகவே முந்தைய இரவே மேலே தங்குங்கள். ரிஃபெல்சேக்கு ரிஃபெல்பெர்க் விடுதி, இன்னொரு ஏரியான ஸ்டெல்லிசேக்கு ஃப்ளூஆல்ப் குடில். இருட்டில் நடக்க ஹெட்லாம்ப் கட்டாயம். ஜூன் தொடக்கத்தில் ஏரி பனிக்கட்டியாகவே இருக்கலாம்.

*

மேலே சொன்னது மிகச் சரி. ஸ்டெல்லிசேயில் நிற்கும் இடமும் முக்கியம்: ப்ளௌஹெர்ட் கேபிள் கார் நிலையப் பக்கத்துக் கரையில் நின்றால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஃப்ளூஆல்ப் பக்கத்துக் கரைதான் வேண்டும்.

ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 16 முதல் 24 மி.மீ. லென்ஸ் போதும். போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கழற்றிவிடுங்கள்; தவறாகத் திரும்பினால் பிம்பத்தையே அழித்துவிடும், அகலக் கோணத்தில் வானத்திலும் திட்டுத் திட்டாக நிறம் மாறும். தண்ணீரில் தெரியும் மலை நிஜ மலையைவிட ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) இருட்டாக இருக்கும். 2 ஸ்டாப் சாஃப்ட் கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் மெல்ல இருளும் கண்ணாடி) போடுங்கள், இல்லையென்றால் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேருங்கள். கரை மண் ஈரம். ட்ரைபாட் கால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே இருப்பதால் நீண்ட எக்ஸ்போஷர் மங்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தட்டைக் கல் வையுங்கள். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். குடிலுக்குள் நுழையுமுன் கேமராவைப் பையில் மூடிவிடுங்கள். திறந்தபடி கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூத்துவிடும்.

*

இன்னொன்று. மதியத்துக்கு மேல் சிகரத்தின் ஒரு பக்கம் மட்டும் கொடிபோல மேகம் பறக்கும். காற்று நேராக அடிக்காத மறைவுப் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, ஈரக்காற்று மேலேறிக் குளிர்வதால் வருவது அது. அருமையான படம், 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் விடாதீர்கள். ஆனால் கோடையில் அதே நேரம் இடியும் திரளும். கருமேகம் திரண்டால் திறந்த முகட்டில் ட்ரைபாடோடு நிற்க வேண்டாம். நடக்கும் வழியில் பலகை நிறத்தைக் கவனியுங்கள்: மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை அனுபவசாலிகளுக்கு மட்டும். பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது; படம் எடுப்பவர்கள் ஒன்றரை மடங்காகக் கணக்கிடுங்கள். செர்மாட் இருக்கும் வலே மாநிலத்தில் மீட்பு உதவிக்கு எண் 144.