மறு: ஏர்போர்ட் ஸ்லாட்டுக்குத் தமிழ்ல என்ன? 'முறைநேரம்'னு வைக்கலாமா

எல்லாருக்கும் வணக்கம்,

ஏர்போர்ட் ஸ்லாட்டுக்கு, அதாவது ஒரு ஏர்போர்ட்ல குறிப்பிட்ட நேரத்துல ஏறவோ இறங்கவோ விமான நிறுவனத்துக்குக் கிடைக்கிற அனுமதிக்கு, தமிழ்ச் சொல் தேடுற இழை நீளமா போயிட்டிருக்கு, இதுவரைக்கும் வந்த சொல் எல்லாத்தையும் ஒவ்வொரு வாக்கியத்துல போட்டுப் பாத்துட்டுதான் எழுதுறேன். மடல் கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க.

> பத்திரிகைல 'நேர ஒதுக்கீடு'ன்னுதானே போடுறாங்க, அதையே எடுத்துக்கலாமே

ஐயா, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒதுக்கீடுங்கிறது ஒதுக்குற வேலைக்குப் பேரு, ஒதுக்கினதால கைக்கு வர்ற பொருளுக்குப் பேரு இல்ல. ஸ்லாட் அலொகேஷன்னு வர்ற எடத்துல 'நேர ஒதுக்கீட்டு ஒதுக்கீடு'ன்னா எழுத முடியும்? இன்னொண்ணு, ஸ்லாட்டை விக்கிறாங்க, குத்தகைக்கு விடுறாங்க, அதை ஈடா காட்டிக் கடனும் வாங்குறாங்க. 2015ல வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் தன்னோட லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட் ஸ்லாட்டுகளை ஈடா வச்சு 22 கோடி பவுண்ட் திரட்டுச்சு. இதைத் தமிழ்ல சொல்லணும்னா வாங்க விக்க, ஈடு வைக்கத் தோதான பெயர்ச்சொல் ஒண்ணு வேணும், ஒதுக்கீடு அங்க உக்காராது.

> அப்ப 'ஓடுபாதை நேரம்'? சின்னதா இருக்கு, எல்லாருக்கும் புரியும்

அக்கா, புரியும், ஆனா தப்பாப் புரியும்னு எனக்குப் படுது. ஐரோப்பிய விதிமுறைலயும் சரி, விமான நிறுவனங்களோட உலகச் சங்கமான ஐயாட்டா வழிகாட்டிலயும் சரி, ஸ்லாட்டுன்னா ஒரு குறிப்பிட்ட நாள்ல குறிப்பிட்ட நேரத்துல ஏறவோ இறங்கவோ அந்த ஏர்போர்ட்டோட வசதி மொத்தத்தையும் பயன்படுத்திக்கிற அனுமதி. ஓடுபாதை, டெர்மினல், விமானம் நிக்கிற எடம் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். ஹீத்ரோல ஓடுபாதை ரெண்டுதான், அஞ்சாவது டெர்மினலுக்கு அனுமதி குடுத்தப்பவே வருஷத்துக்கு 4,80,000 ஏற்ற இறக்கத்துக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடும் போட்டுட்டாங்க, மும்பைல ரெண்டு ஓடுபாதையும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போறதால ஒரே நேரத்துல ரெண்டையும் ஓட்ட முடியாது, அங்கெல்லாம் நெருக்கடி ஓடுபாதைல இருக்கு. எல்லா ஊர்லயும் அப்படி இல்ல, சில எடத்துல ஓடுபாதை காலியா கெடக்கும், டெர்மினல்லயோ விமானம் நிறுத்துற எடத்துலயோதான் தட்டும். அதனால ஓடுபாதையைச் சொல்லுக்குள்ள கொண்டு வர வேணாம்.

இழைல வந்த 'நேரத்துண்டு'ங்கிற சொல்லைக் கம்ப்யூட்டர் ஆளுங்க ஏற்கனவே எடுத்துக்கிட்டாங்க, 'செருகுவாய்'ங்கிறதும் அப்படித்தான், அது ரெண்டையும் விட்டுடலாம்.

இன்னொரு குழப்பத்தை இப்பவே தீத்துடணும். ஆங்கிலத்துல ஸ்லாட்டுங்கிற ஒரே சொல்லை ரெண்டு வேற விஷயத்துக்குச் சொல்றாங்க. ஒண்ணு நாம பேசிட்டிருக்கிறது, சீசன் தொடங்குறதுக்குப் பல மாசம் முன்னாடியே, ஸ்லாட்டைப் பிரிச்சுக் குடுக்குற ஒருங்கிணைப்பாளர் குடுக்குறது. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை கோடைக்கால அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை குளிர்கால அட்டவணை, அதுக்கு வருஷத்துல ரெண்டு தடவை உலகம் முழுக்க இருந்து விமான நிறுவனங்களும் ஒருங்கிணைப்பாளர்களும் கூடி உக்காந்து பேசி முடிப்பாங்க. இன்னொண்ணு அன்னைக்குன்னு வானத்துல நெரிசல்னா போக்குவரத்துக் கட்டுப்பாடு குடுக்குற புறப்படும் நேரம், ஐரோப்பால யூரோகன்ட்ரோல்ங்கிற வான்போக்குவரத்து அமைப்பு குடுக்கும், அதுல 5 நிமிஷம் முன்னாடி 10 நிமிஷம் பின்னாடி வரைக்கும்தான் சலுகை. பைலட்டு 'ஸ்லாட்டுக்காக வெயிட் பண்றோம்'னு மைக்ல சொல்றது இந்த ரெண்டாவதைத்தான். இதைக் 'கட்டுப்பாட்டுப் புறப்பாட்டு நேரம்'னு தனியா வச்சுட்டா மொதல்ல சொன்னதுக்கு நாம நல்ல சொல்லா தேடலாம்.

இப்ப என் பரிந்துரை. முறைநேரம்.

ஏன்னா இதோட உயிர்நாடியே முறைங்கிறதுதான். வைகை அணைலயும் மேட்டூர்லயும் தண்ணி கம்மியா இருந்தா முறை வச்சு விடுறாங்கன்னு இன்னைக்கும் பேப்பர்ல வருது, நாலு பங்காளிக்குப் பொதுவா ஒரு கிணறு இருந்தாலும் முறைதான், என் முறைக்கு நான் இறைக்கணும், விட்டேன்னா போச்சு, அதைச் சேத்து வச்சு அடுத்த வாரம் ரெண்டு பங்கா இறைச்சுக்க முடியாது. தேவைப்பட்டா பக்கத்துக்காரனோட முறையை மாத்திக்கலாம். ஆனா கிணறு யாரோட தனிச்சொத்தும் இல்ல. ஹீத்ரோ காலைல 7 மணிக்கு இறங்குற ஸ்லாட்டும் அப்படியேதான் நடக்குது, ஒரு பொதுவான வசதி பத்தாம இருக்கு, அதுல ஒருத்தருக்கு ஒரு வேளை. 'நேரப்பங்கு'ன்னு ஒருத்தர் சொன்னதுல கூட இந்த எண்ணம் பாதி இருக்கு, ஆனா பங்குன்னதும் பங்குச்சந்தை ஞாபகம் வந்து சொத்துன்னு ஆயிடும், அது சொத்தா அனுமதியாங்கிறதுதான் இந்தத் துறையோட தீராத வழக்கே. நாம வைக்கிற சொல்லே விமான நிறுவனங்க பக்கம் தீர்ப்பு எழுதிடக் கூடாது.

வழக்குன்னு சும்மா சொல்லல. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னதும் அதோட மும்பை, டெல்லி ஸ்லாட்டுகளை மத்த கம்பெனிகளுக்குத் தற்காலிகமா பிரிச்சுக் குடுத்தாங்க. அப்புறம் ஜெட்டை எடுத்து நடத்த வந்தவங்க பழைய ஸ்லாட் எங்களுக்கே வரணும்னு கேட்டாங்க, 2021 ஜூன்ல தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மறுசீரமைப்புத் திட்டத்தை ஏத்துக்கிச்சு, ஆனா பழைய ஸ்லாட்டை உரிமையா கேக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. கடைசில 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் கம்பெனியையே கலைக்கச் சொல்லிடுச்சு. லண்டன்ல போன பாதை வேற. ஸ்லாட்டை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கலாம்னு ஐரோப்பிய விதில இருந்துச்சு, உதவாத நேரத்து ஸ்லாட் ஒண்ணை இந்தப் பக்கம் குடுத்துட்டு நல்லதை வாங்கிக்கிட்டு கூடவே பணத்தையும் கட்டினாங்க, 1999ல கர்ன்சி தீவு நிர்வாகம் போட்ட வழக்குல லண்டன் உயர் நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் சந்தை நல்லா சூடு பிடிச்சது, 2016ல ஓமன் ஏர் ஒரே ஒரு இறங்க-ஏற இணைக்கு 7.5 கோடி டாலர் குடுத்ததா செய்தி வந்துச்சு.

எதிர்வாதம் ஒண்ணு வரும்னு தெரியும், முறைன்னா மெதட்னும் அர்த்தம் இருக்கேன்னு. இருக்கு, ஆனா நேரத்தோட சேரும்போது அந்த அர்த்தம் வராது, முறைப்பாசனம்னு சொன்னா யாரும் மெதட்னு நினைக்கிறதில்லையே. தனியா 'முறை'ன்னு மட்டும் வச்சாத்தான் சிக்கல், 'இறங்குமுறை'ன்னு போட்டா எப்படி இறங்குறதுன்னு பைலட்டுக்குப் பாடம் எடுக்குற மாதிரி ஆயிடும்.

ஒரு சொல்லைச் சோதிக்கணும்னா அதோட குடும்பத்தையும் கட்டிப் பாக்கணும். பழைய ஸ்லாட்டைத் தொடர்ந்து வச்சுக்கிற உரிமையை ஆங்கிலத்துல கிராண்ட்ஃபாதர் ரைட்ஸ்னு சொல்றாங்க, அதுக்கு 'தாத்தா உரிமை'ன்னு வந்த பரிந்துரையை நான் முழுசா எதிர்க்கிறேன். அந்த ஆங்கிலத் தொடர் அமெரிக்கத் தென் மாநிலங்கள்ல கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாம தடுக்க எழுதின சட்டத்துல இருந்து வந்தது, அதை அப்படியே தமிழுக்குத் தூக்கிட்டு வர நமக்கு என்ன அவசியம்? மரபுரிமையும் வேணாம், இலங்கைல அது தொல்பொருள், பண்பாடு சம்பந்தப்பட்ட சொல்லா நல்லா வேரூன்றியிருக்கு. போன சீசன்ல ஒழுங்கா பறந்தவனுக்கு அடுத்த வருஷம் அதே சீசன்ல அதே நேரம் தொடர்ந்து கிடைக்கிறதுதானே விஷயம், 'தொடருரிமை' போதும். ஒதுக்கினதுல 80 விழுக்காடாவது பறந்திருந்தாத்தான் தொடருரிமை, இல்லைன்னா அந்த முறைநேரம் மறுபடி பிரிச்சுக் குடுக்குறதுக்கான பொதுத்தொகுப்புக்குத் திரும்பிடும், அந்தத் தொகுப்புல பாதியை ஐரோப்பால புதுசா வர்ற கம்பெனிகளுக்கு முன்னுரிமையா குடுக்கணும். பாருங்க, இந்த வாக்கியம் தடங்கல் இல்லாம ஓடுது.

அந்த 80ஐக் காப்பாத்தத்தான் பயணி இல்லாமலும் பறக்குறாங்க. பிரிட்டிஷ் மெடிட்டரேனியன்னு ஒரு நிறுவனம் தாஷ்கண்ட் சேவையை நிறுத்தின பிறகு ஹீத்ரோ ஸ்லாட் போயிடக் கூடாதுன்னு 2006-07 குளிர்காலத்துல கார்டிஃபுக்கும் ஹீத்ரோவுக்கும் நடுவுல பயணியே இல்லாம விமானத்தை ஓட்டுச்சு. கொரோனால விதியை நிறுத்தி வச்சாங்க, அப்புறம் 2021-22 குளிர்காலத்துக்கு ஐரோப்பால 50 விழுக்காடுன்னு கொண்டு வந்தாங்க, அதுக்கே தேவையில்லாத 18,000 பறப்பு ஓட்ட வேண்டியிருக்குன்னு லுஃப்தான்சா தலைவர் கார்ஸ்டன் ஸ்போர் பொதுவெளில சொன்னாரு. எரிபொருள் அத்தனையும் ஒரு நேரத்தைப் பிடிச்சு வைக்கிறதுக்காக எரியுது, எனக்கு இதை எழுதும்போதே மனசு ஆறல. இப்படிப் பறக்குறதை ஆங்கிலத்துல கோஸ்ட் ஃபிளைட்னு சொல்றாங்க, அதை 'பேய் விமானம்'னு சொன்னா இந்தக் காரணம் மறைஞ்சு போகுது. 'வெற்றுப் பறப்பு'ம் சரியா வராது, ரிப்பேருக்குக் கொண்டு போறப்பவும் விமானம் வெறுமனேதான் போகும். 'காப்புப் பறப்பு'ன்னு வச்சா முறைநேரத்தைக் காப்பாத்தப் பறக்குறதுன்னு சொல்லே சொல்லிடும்.

விக்கிறதை விற்பனைன்னே சொல்லுவோம். 'கைமாற்று' வேணாம், நம்மூர்ல அது பத்திரம் எழுதாம வாங்குற சில்லறைக் கடன்.

ஒரே கிழமைல ஒரே நேரத்துக்குக் குறைஞ்சது அஞ்சு வாரம் வாங்குறதை 'முறைநேரத் தொடர்'னு வைக்கலாம். இறங்க ஒண்ணு ஏற ஒண்ணு சேந்து வர்றதுக்கு நான் மேல 'இணை'ன்னு எழுதிட்டேன், ஈழத்து நண்பர்கள் 'சோடி'தான் இயல்புன்னு சொன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. இதுல மட்டும் உங்க கருத்து வேணும், மத்ததுக்கு மறுப்பு எதும் இல்லைன்னா பட்டியல்ல முறைநேரம், தொடருரிமை, பொதுத்தொகுப்பு, காப்புப் பறப்பு நாலையும் விளக்கத்தோட ஏத்திடலாம்.