ஃபிளாப் அறுவைக்குத் தமிழ்ச்சொல்: ‘திசுமடல்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயை அகற்றிய பின், உடலின் வேறிடத்துத் திசுவை அதன் இரத்தக்குழாய்களோடு கொண்டுவந்து பொருத்தும் ஃபிளாப் சீரமைப்பையும் ‘தோல் ஒட்டு’ என்றே எழுதிவிடலாம் என்று இவ்விழையில் முன்வைக்கப்பட்ட கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒட்டு என்பது கிராஃப்ட் என்ற பொருளில் ஏற்கனவே நிலைத்துவிட்ட சொல். ஒட்டப்படும் தோலுக்கெனத் தனி இரத்த ஓட்டம் கிடையாது; முதல் ஓரிரு நாள்கள் அடியிலுள்ள புண்பரப்பில் ஊறும் நீர்மத்தை உறிஞ்சிப் பிழைத்திருந்து, பிறகே அப்பரப்பின் நுண்குழல்களோடு அது இணைகிறது. ஃபிளாப் அவ்வாறன்று. எடுக்கப்படுவது தோலாயினும் தசையாயினும் எலும்பாயினும், தன்னை ஊட்டும் தமனியையும் சிரையையும் உடன்கொண்டே அது வருகிறது. கதிர்வீச்சு பட்ட கழுத்திலும், எந்நேரமும் எச்சில் நனைக்கும் வாயின் உட்புறத்திலும், எலும்பு வெளித்தெரியும் குழியிலும் ஒட்டு பிடிக்காமல் போகக்கூடும். அங்கெல்லாம் ஃபிளாப் பிழைப்பது இந்தக் குருதியோட்டத்தால்தான். இவ்வேறுபாட்டை மறைக்கும் சொல், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் நோயாளிக்குத் தவறான செய்தியையே தரும்.

‘மடிப்பு’ என்பதும் பொருந்தாது; அது வளைவை மட்டுமே குறிக்கிறது. ‘மடல்’ எனக்கு மிகவும் உகந்ததாகப் படுகிறது. தாழை மடலும் பனை மடலும் ஒரு முனை தாய்த்தண்டில் பற்றியிருக்க, மற்ற பகுதி விரிந்து நிற்பவை. ஃபிளாப்பின் முதற்பொருளும் அதுவே. ஆனால் நுரையீரல், மூளை ஆகியவற்றின் பகுதிகளை மடல் என்று பாடநூல்கள் வழங்கி வருவதால், குழப்பம் நேராதிருக்கத் ‘திசுமடல்’ என்று முன்னொட்டுச் சேர்த்து வழங்கலாம் என்பது என் முன்மொழிவு.

இச்சொல்லை ஏற்றால் குருதிக்குழாய்கள் அடங்கிய இணைப்புக்குக் ‘காம்பு’ என்ற பெயர் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. 1979-இல் அறுவை மருத்துவர் ஏரியன் வெளியிட்ட முறையில், பெரிய மார்புத் தசை தன் காம்பு அறுபடாமலே காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்கோ வாய்க்கோ திருப்பப்படுகிறது. இவ்வகைக்குக் ‘காம்புடைத் திசுமடல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இலக்கணப்படி அது சரியே. எனினும் ‘காம்பு உடைந்த’ என்று பிரித்துப் படிக்க இடமிருப்பதால் ‘காம்பறாத் திசுமடல்’ மேலானது.

உண்மையான சிக்கல் ஃப்ரீ ஃபிளாப் என்பதில்தான் உள்ளது. ‘சுதந்திர மடல்’, ‘கட்டற்ற மடல்’ என்ற இரண்டும் எதற்கும் கட்டுப்படாமல் தனித்து வாழும் ஒன்றைக் குறிப்பதாகத் தோன்றுகின்றன. நடப்பதோ நேர்மாறானது. நாக்கை அமைக்க முன்கைத் தோலையோ, தாடையை அமைக்கக் கணைக்காலின் வெளிப்புற எலும்பாகிய ஃபிபுலாவையோ எடுக்கும்போது காம்பை அறுத்து, கழுத்திலுள்ள தமனியோடும் சிரையோடும் நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய இழையால் தைக்கிறார்கள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அக்குழாய்களின் இணைப்பே திசுவின் உயிர். ஆகவே அறுத்ததை விட்டு இணைத்ததைச் சொல்லும் ‘காம்பிணைத் திசுமடல்’ என்பதையே நான் வலியுறுத்துகிறேன்.

அறுவைக்குப் பிந்தைய நாள்களில் இதன் பயன் தெளிவாகும். செவிலியர் மணிக்கொரு முறை மடலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்ப்பது எதற்காக என்று குடும்பத்தார் கேட்கும்போது, “காம்பின் சிரையில் இரத்தம் உறைந்தால் மடல் நீலம் பாரித்து வீங்கும், தமனி அடைபட்டால் வெளுத்துக் குளிர்ந்துவிடும், இரண்டிலும் உடனே மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும்” என்று முழுவதையும் தமிழிலேயே விளக்கிவிடலாம்.

திசு எடுக்கப்படும் இடத்தைக் ‘கொடையிடம்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உறுப்புக்கொடை பழகிய காதுக்கு அது வேறொருவர் உடலிலிருந்து பெற்றதாக ஒலிக்கும். இங்கே எடுப்பதும் பொருத்துவதும் ஒரே உடலில் என்பதால் ‘எடுப்பிடம்’, ‘பொருத்திடம்’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். அறுவை மருத்துவம் பயில்வோர் இவற்றை வார்டில் சொல்லிப் பார்த்து, நோயாளிகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுத வேண்டுகிறேன்.