வெட்கப்பட ஆளில்லாத படம்

குழு: எங்கட வளவு
25 டிசம்பர், இரவு 9.42

பெரிய மாமி: பின்னேரம் அந்தப் பென்டிரைவைக் கொண்டுவந்து டிவியில் குத்தியது யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். நத்தார் நாளும் அதுவுமாக, பாலன் குடிலுக்குப் பக்கத்தில், சிவப்பு உடுப்புப் போட்ட கிழவன் வாயைத் திறந்தால் தூஷணம். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி முடிந்ததையும் எடுத்து இன்னொரு தரம் கழுவினேன்.

தம்பி: மாமி, நத்தார் பகிடிப் படம் என்றுதான் போட்டிருந்தது 🙏

பெரிய மாமி: பகிடி எங்கே வந்தது மகன்? நான் உள்ளே நின்ற நேரம் வந்து போய்விட்டதா?

சின்னக்கா: வெளியே இருந்த எங்களுக்கும் வரவில்லை மாமி. நீங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை.

கனடா சித்தி: என்ன படம்? இங்கே இப்போதுதான் காலை 11 மணி. எனக்குக் கேக் படம் மட்டும்தான் வந்தது.

நான்: 'பேட் சாண்டா 2' சித்தி. 2016இல் வந்தது. சொக்கலேட்டும் மணிச் சத்தமும் இல்லாத வேறு மாதிரி நத்தார் படம் பார்ப்போம் என்று தம்பி சொன்னான். வேறு மாதிரித்தான் இருந்தது.

பெரியத்தான்: நான் முதலே சொன்னேன், ஒன்றாவதைப் போடு என்று. 2003இல் வந்தது அது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு வந்து, அதையும் மாமியை முன் கதிரையில் இருத்திவிட்டுப் போட்டால் யார் என்ன செய்வது?

பெரிய மாமி: ஒன்றாவதில் அந்தக் கிழவன் செபமா சொல்கிறான்?

பெரியத்தான்: இல்லை மாமி, அதிலும் அதே வாய்தான். இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது வேறு. ஒரு குடிகாரத் திருடன், வருடத்துக்கு ஒரு தடவை பெரிய கடையொன்றில் நத்தார் தாத்தா வேலைக்குச் சேர்ந்து, 24ஆம் தேதி இரவு கடைப் பெட்டகத்தை உடைத்துக்கொண்டு போவான். அவனுக்குக் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். அந்த வருடம் ஒரு குண்டுப் பொடியன் வந்து இவனைப் பிடித்துக்கொள்கிறான். தகப்பன் மறியலில், வீட்டில் நினைவு மங்கிய அப்பம்மா மட்டும். இவன் உண்மையிலேயே நத்தார் தாத்தா என்று அந்தப் பிள்ளை நம்புகிறது, ஏசினாலும் போகாது, வெறியில் விழுந்து கிடந்தாலும் போகாது, சாண்ட்விச் செய்து தரட்டுமா என்று கேட்கும். நத்தார் வரும்வரை நாளுக்கு ஒரு கதவு திறக்கிற கலண்டர் இருக்கிறதே, அந்தப் பிள்ளையின் கலண்டரில் உள்ள சொக்கலேட்டையும் இவன் வெறியில் பிய்த்துத் தின்றுவிட்டு, பிறகு மனம் கேளாமல் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டிக் கொடுப்பான். அந்த இடத்தில் நான் சிரித்தேன், பிறகு தொண்டை அடைத்தது. அவ்வளவுதான் அந்தப் படம். தூஷணம் எல்லாம் சும்மா மேல் உறை.

மச்சாள்: இவருக்குத் தொண்டை அடைத்ததாம். கலியாண வீட்டில்கூட அழாத மனுசன்.

பாலையூற்று மாமா: நான் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். மழை இரைச்சலில் பாதி கேட்கவும் இல்லை. எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர்க் கரோல் தாத்தா.

நான்: எந்தத் தாத்தா மாமா?

பாலையூற்று மாமா: நீங்கள் சின்னப் பிள்ளைகள். டோர்ச்சும் கித்தாருமாகப் பொடியள் வீடு வீடாக வருவார்களே, முன்னால் பிளாஸ்டிக் முகமூடி போட்ட ஒருவர் மணி ஆட்டிக்கொண்டு வருவார். ஒரு வருடம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர் நல்ல வெறி. முகமூடிக்குள்ளிருந்து சாராய மணம், தாடைக்குக் கீழே வேர்வை சொட்டிப் பஞ்சுத் தாடி நனைந்து தொங்குகிறது. கண்ணுக்கு வெட்டின ஓட்டை இரண்டும் சரியான இடத்தில் இல்லை, தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால்தான் எங்களைப் பார்ப்பார். பெரியவர்கள் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும், வாய் திறக்கவில்லை. சின்னவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து "தாத்தா, டொபி" என்றாள். அப்போது அவர் முதுகை நிமிர்த்தினார் பாருங்கள். பையைத் துழாவி டொபி எடுத்துக் கொடுத்தார், மணியையும் ஒழுங்காக ஆட்டினார். அடுத்த படலை வரைக்கும் நேராக நடந்தார். அதற்குப் பிறகு எப்படி நடந்தார் என்று கேட்க வேண்டாம்.

பெரியத்தான்: மாமா, ஒன்றாவது படம் இதுதான். நீங்கள் பார்க்கத் தேவையில்லை.

சின்னக்கா: நான் இதைத்தான் சொல்ல வந்தேன், டைப் பண்ணிக்கொண்டிருந்தேன், மாமா முந்திவிட்டார். தாத்தா வெறியில் வந்ததால் மட்டும் சிரிப்பு வருவதில்லை. சுற்றி நின்ற பெரியவர்கள் தெரியாத மாதிரி நின்றார்களே, அந்தச் சங்கடத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. ஒன்றாவது படத்தில் அந்தச் சங்கடத்தைத் தாங்குகிறவர் கடை மனேஜர், ஜோன் ரிட்டர் நடித்தார், படம் தியேட்டருக்கு வர முன்னரே 2003 செப்டம்பரில் இறந்துபோனார் பாவம். தாத்தா செய்த அசிங்கத்தைக் காவல் பொறுப்பாளரிடம் முறையிட வேண்டும், ஆனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை, மென்று விழுங்கி மெதுவாகக் காதோடு சொல்வார். காவல் பொறுப்பாளராக வரும் பேர்னி மக் முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அசிங்கம் பேசுகிறவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதைக் கேட்டு நெளிகிறவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இரண்டாவதில் இந்த மாதிரி ஒரு ஆள்கூட இல்லை. தாத்தா தூஷணம், கூட்டாளி தூஷணம், தாத்தாவின் அம்மா இவர்கள் இரண்டு பேரையும் விட மோசம். எல்லோரும் ஒரே சத்தத்தில் கத்தினால் பத்தாவது நிமிடத்தில் காது மரத்துவிடும். இன்றைக்கு அந்தப் படத்துக்காக வெட்கப்பட்ட ஒரே ஆள் எங்கள் மாமிதான், அவரும் குசினிக்குள்.

பெரிய மாமி: என்னையும் படத்தில் சேர்த்துவிட்டாள்.

தம்பி: மாமி நடித்திருந்தால் ஓடியிருக்கும். ஒன்றாவது 70 மில்லியன் டாலருக்கு மேல் சம்பாதித்ததாம், இரண்டாவது போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. இதை முதலே தேடிப் பார்த்துவிட்டுப் பென்டிரைவில் ஏற்றியிருக்கலாம்.

கனடா சித்தி: அம்மாவாக வருவது யார்?

நான்: கேத்தி பேட்ஸ். மகனாகப் பில்லி பொப் தோர்ன்டன்.

கனடா சித்தி: அவர் பெரிய நடிகை அல்லவா! ஒஸ்கார் எடுத்தவர்.

தம்பி: சித்தி இதைக் கேளுங்கள். அவர் பிறந்தது 1948, "மகன்" பிறந்தது 1955. 7 வயதில் பெற்றெடுத்திருக்கிறார் 😂

பெரியத்தான்: அதைப் படத்தில் பகிடியாக்கி இருந்தாலாவது பரவாயில்லை. 13 வருடம் கழித்து வருகிறவர்கள் கையில் புதிதாக ஒரு கதை வேண்டாமா? கடைக்குப் பதிலாகத் தர்ம ஸ்தாபனம், அரிசோனாவுக்குப் பதிலாகச் சிக்காகோ, மற்றதெல்லாம் அதே பெட்டகம், அதே சிவப்பு உடுப்பு. முதல் படத்தில் கடைசியில் இவனைச் சுட நின்ற கூட்டாளியே வந்து, வா திருடப் போவோம் என்கிறான், இவனும் இரண்டு ஏச்சோடு கிளம்பிவிடுகிறான்.

கனடா சித்தி: சிக்காகோ என்று காட்டினாலும் எடுத்தது இங்கே மொன்றியாலில். என் கூட வேலை செய்கிறவர் சொல்லியிருக்கிறார். அது எங்கள் பனி.

மச்சாள்: பனி நல்லாத்தான் இருந்தது சித்தி. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

சின்னக்கா: எனக்கு ஆகக் கோபம் வந்தது அந்தப் பொடியன் விஷயத்தில். சின்னப் பிள்ளை நத்தார் தாத்தாவை நம்பினால் அது பிள்ளைக் குணம், எங்களுக்கும் ஆசையாக இருக்கும். இருபது கடந்த ஆளையும் அப்படியே நம்ப வைத்து, இவனுக்குப் புத்தி மட்டு என்று பார்க்கிறவனைச் சிரிக்கச் சொல்கிறார்கள். அதே நடிகர்தான், அதே வெள்ளை மனசுதான். முதலில் படம் அவன் பக்கம் நின்றது, இப்போது அவனைக் காட்டிப் பல் இளிக்கிறது. கொத்து ரொட்டி மிஞ்சினால் அடுத்த நாள் சூடாக்கித் தின்னலாம், இது சூடாக்கினதும் இல்லை, அப்படியே குளிர்ந்த கோப்பையை நீட்டுகிறார்கள்.

பாலையூற்று மாமா: எனக்கு இப்போது பசிக்கிறது.

பெரிய மாமி: நான் ஒன்று சொல்கிறேன். சாந்த நிக்கலஸ் என்பவர் மீரா நகரத்து ஆயர், இப்போதைய துருக்கியில். டிசம்பர் 6 அவருடைய திருநாள். ஏழைகளுக்கு இரவில் மறைவாகக் காசு போட்டவர் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். அவரை அமெரிக்காக்காரர் இந்தக் கோலத்தில் விட்டிருக்கிறார்கள்.

தம்பி: ஆனால் மாமி, எங்கள் ஊரிலும் அவருக்கு மரியாதை குறைவுதான். கலைமான் வண்டி என்கிறார்கள். இங்கே திருகோணமலைக் கோட்டையடி மான் எல்லாம் ரோட்டில் நின்று பொலித்தீன் பை தின்கிறது. வண்டியில் கட்டினால் முதல் குப்பைத் தொட்டியோடு நின்றுவிடும்.

பெரிய மாமி: பகிடி விட்டது போதும். நாளைக்கு 26, சுனாமி நினைவு நாள். காலை 9.25க்கு எல்லோரும் எழும்பி, முகம் கழுவி, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். கடற்கரைக்குப் போகிறவர்கள் குடை எடுங்கள். நடுப்பகல் வரை படுத்திருந்தீர்கள் என்று கேள்விப்படக் கூடாது.

நான்: சரி மாமி.

தம்பி: சரி மாமி.

மச்சாள்: ஓம் மாமி. நானும் விடிய எழும்பத்தான் போகிறேன், கோயில் ஸ்பீக்கர் 4 மணிக்கே திருவெம்பாவையைத் தொடங்கிவிடும்.

கனடா சித்தி: அடுத்த வருடம் நான் வருகிறேன். அப்போது எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒன்று எடுத்து வையுங்கள்.

தம்பி: 'டை ஹார்ட்' போடுவோம். அதையும் நத்தார் படம் என்றுதான் சொல்கிறார்கள். 1988, ஜூலை மாதம் வெளிவந்தது, ஆனால் கதை நடப்பது நத்தாருக்கு முதல் நாள் இரவு.

பெரிய மாமி: அதில் தாத்தா வருகிறாரா?

பெரியத்தான்: தாத்தா இல்லை மாமி, தொப்பி வரும். செத்த ஒருவனின் தலையில் போட்டு லிஃப்டில் ஏற்றி அனுப்புவார்கள்.

பெரிய மாமி: நான் திரும்பவும் பாத்திரம் கழுவத்தான் வேண்டும் போல.

சின்னக்கா: இல்லை மாமி, அதை நீங்கள் ரசிப்பீர்கள். மனுசனுக்குப் பெண்சாதியோடு சண்டை, சமாதானமாகப் போக வந்த இடத்தில் கள்ளர் கூட்டம் கட்டிடத்தைப் பிடித்துவிடுகிறது. தூஷணம் அதிலும் கொஞ்சம் உண்டு. சத்தத்தைக் குறைத்து வைக்கிறோம்.

பாலையூற்று மாமா: அது கிடக்கட்டும். இன்றைக்குப் பார்த்தது கடைசியில் என்ன ஆனது? காசு யார் கையில் போனது? நான் இடையில் கண்ணயர்ந்துவிட்டேன்.

தம்பி: முடிய 20 நிமிடம் இருக்கக் கரண்ட் போனது மாமா.

பாலையூற்று மாமா: பிறகு வந்ததே, ஆறு மணிக்கெல்லாம் லைட் எரிந்ததே?

தம்பி: ஓம், வந்தது. யாரும் திரும்பப் போடச் சொல்லவில்லை.

பெரியத்தான்: எனக்கு முடிவு தெரியும். சொல்லவா?

மச்சாள்: வேண்டாம், வந்து படுங்கள்.