பிலிம் காலத்தில் தெரியாத வித்தியாசத்துக்கு டிஜிட்டலில் ஏன் இத்தனை விலை?

காட்பாடி வாசகர்:
என் மாமா பிலிம் காலத்தில் ஸ்டூடியோ நடத்தியவர். அவருடைய எளிய நிக்கான் எஃப்எம்10, விலை உயர்ந்த எஃப்3 ஆகிய இரண்டிலும் எடுத்த கல்யாணப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னிடம் உள்ள நிக்கான் டிஜிட்டல் கேமராவான டி3500இல் 24 மெகாபிக்சல் இருக்கிறது. அதே நிறுவனத்தின் தொழில்முறைக் கேமராவான டி6 கொண்டிருப்பதோ 20.8 மட்டுமே. அப்படியிருக்கப் பல மடங்கு விலை எதற்காக? கல்யாண வேலையில் இறங்க, கடன் வாங்கியாவது பெரியதை வாங்கத்தான் வேண்டுமா?

குடியாத்தம் ஸ்டூடியோக்காரர்:
தம்பி, பிலிம் கேமரா என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி. படம் பதிவது பிலிம் ரோலில். லென்ஸும் ரோலும் ஒரே வகையாக இருந்தால் எஃப்எம்10 எடுத்த படமும் எஃப்3 எடுத்த படமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கூடுதல் பணம் உறுதிக்கும் வேகத்துக்கும் போயிற்று. 1996இல் வந்த எஃப்5 நொடிக்கு 8 படம் எடுத்ததால், 36 படங்கள் கொண்ட ரோல் ஐந்து நொடிக்குள் தீர்ந்துவிடும்.

டிஜிட்டலில் அந்த ரோலையே கேமராவோடு சேர்த்து ஒரே தடவையாக வாங்கிவிடுகிறோம். படம் பதியும் சில்லான சென்சார் டி6இல் ஏறக்குறைய 36×24 மி.மீ., உங்களுடையது 23.5×15.6 மி.மீ. பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருப்பதோடு, சிலிக்கான் தகட்டில் உருவாக்கும்போது விழும் ஒரு பழுது அந்தச் சில்லு முழுவதையும் வீணாக்கக்கூடும், சில்லு பெரிதானால் அந்த வாய்ப்பும் கூடும் என்பதால், பரப்பைவிட விலை வேகமாக ஏறுகிறது. விடியற்காலை முகூர்த்தத்தில், மங்கலான மண்டபத்தில் பிளாஷ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள்: அரக்குப் பட்டின் மடிப்புகளில் சிறிய சென்சார் நிறப்புள்ளிகளை நிரப்பிவிடும். மெகாபிக்சல் எண்ணிக்கை இதைச் சொல்லாது. நொடிக்கு 14 படம் எடுக்கும் டி6, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தின் நெரிசலில் உதவும். தாலி கட்டுவதைப் படமெடுக்க அவ்வளவு வேகம் தேவையில்லை.

ஆற்காட்டில் கேமரா பழுது பார்ப்பவர்:
அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். டி3500இல் ஒரு மெமரி கார்டுதான் போட முடியும். ஒரு கல்யாணத்தில் என் கார்டு பழுதாகித் தாலி கட்டும் படங்கள் அத்தனையும் போயின. அந்த வீட்டாரின் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே டி6க்காகக் கடன் வாங்க வேண்டாம். 2014இல் வந்த டி750 பயன்படுத்திய நிலையில் கிடைத்தால், ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். டி6இல் உள்ளது போன்ற முழு அளவுச் சென்சாரும் இரண்டு கார்டு இடங்களும் அதில் உண்டு. டி3500உடன் வந்த லென்ஸ் சிறிய சென்சாருக்கானது என்பதால், லென்ஸுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

காட்பாடி வாசகர்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. மாமாவின் பழைய 50 மி.மீ. லென்ஸை நேற்றிரவு டி3500இல் பொருத்தினேன். போகஸையும் வெளிச்ச அளவையும் கையால் வைக்க வேண்டியிருந்தாலும், பூஜையறை விளக்கொளியிலேயே அம்மாவின் முகம் தெளிவாக வந்தது. டி750 தேடத் தொடங்கிவிட்டேன்.