.44 மேக்னம் ரிவால்வருக்கு ஈய வார்ப்புக் குண்டு எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைக்காரன்:
டெக்சாஸில் பதினோரு வருஷம் இருந்தேன். ரிவால்வர் பழகியதும் தோட்டா நிறைக்கக் கற்றதும் அங்கேதான். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. அதனால் நான் சொல்வதெல்லாம் அங்கே நடந்தது.

குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துத்தான் முதலில் வாங்கினேன். 240 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பவுன் எடை. விட்டம் .429 அங்குலம். முப்பது தோட்டா சுட்டுவிட்டுக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பால் தீய்ந்த பாத்திரத்தின் அடி மாதிரி உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பியிருந்தது. செம்புக் கம்பிச் சுருளைப் பிரஷில் சுற்றித் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டது.

அங்கே இருந்த ஒரு பெரியவர் சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் உட்காரும் ஆறு அறை உருளையைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு அறையிலும் குண்டைப் போட்டார். ஆறிலும் வாய் வழியாகத் தானாகவே கீழே விழுந்தது. "பென்சிலால் லேசாகத் தள்ளினால்தான் போகவேண்டும், தம்பி" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். அளந்தால் அறைவாய் .431. குண்டு சின்னதாக இருந்தால் சூடான வாயு ஓரமாகப் புகுந்து ஈயத்தை அரித்து உருக்கிக் குழலில் பூசிவிடும். மிருதுவான குண்டு என்றால் அழுத்தத்தில் அடி கொஞ்சம் விரிந்து அந்த இடைவெளியை அடைக்கும். என்னுடையது விரியவில்லை. .431-இல் சற்று மிருதுவானதை வாங்கினேன், கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 12 போல. அதற்கப்புறம் குழல் சுத்தமாகவே இருந்தது. முதலில் அளவு, கடினமெல்லாம் அப்புறம்தான். இதை நான் அடித்துச் சொல்வேன்.

இன்னொன்று. நாம் இரண்டு உலோகத்தையும் 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆச்சி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டுக்கு முக்கியமானது காரீயம். அதோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறையும். கடினம் கொடுப்பது ஆன்டிமனி என்கிற இன்னொரு தனிமம். வெள்ளீயம் விலை கூடியது, அள்ளிப் போடவேண்டாம்.

வள்ளியூர் மருமகன்:
அண்ணாச்சி சொல்வது சரி. நானும் அரிசோனாவில் பட்டிருக்கிறேன். எனக்கு ஈயம் அப்பவில்லை, சிலிண்டரே சுற்றவில்லை! நாலாவது தோட்டா சுட்டதும் சிக்கிக்கொண்டது. பார்த்தால் ஐந்தாவது தோட்டாவின் குண்டு உதைப்பில் முன்னால் நகர்ந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நான் வாங்கிய குண்டில் மடிப்புப் பள்ளம் ஆழமே இல்லை, பித்தளை உறையின் விளிம்பை மடித்துப் பிடிக்க இடமில்லை. அப்புறம் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வகைக் குண்டுக்கு மாறினேன். தட்டை மூக்கு, கூரான தோள், நல்ல ஆழமான பள்ளம். பெரிய ரிவால்வருக்கு வாங்குகிறவர்கள் அந்தப் பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள்.

உவரிக்காரன்:
நான் துப்பாக்கி தொட்டதில்லை அண்ணாச்சி. ஆனால் எங்கள் வீட்டில் வலைக்கு ஈயக் குண்டு வார்த்திருக்கிறோம், அதனால் உருக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகிய ஈயத்தில் ஈரமான துண்டு ஒன்று விழுந்தால் போதும், தண்ணீர் ஆவியாகி எல்லாம் வெடித்துத் தெறிக்கும். கடல் தண்ணீர் பட்ட பழைய வலை ஈய மணியைக் காயவைக்காமல் போட்டதில் எங்கள் பெரியப்பாவின் முன்கையில் இன்னும் நாலைந்து வெள்ளைத் தழும்பு இருக்கிறது. காயவைத்துப் போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே விடாதீர்கள்.