முன் வீல் தூக்கினதும் வண்டி வெட்டுது: கோளாறு கையிலா, வண்டியிலா?

குழித்துறை பையன்:

அண்ணன்மாரே, வணக்கம். எனக்கு 2018 மாடல் பல்சர் என்எஸ்200, கார்புரேட்டர் வண்டி. 38,000 கிலோமீட்டர் ஓடினது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் குளச்சல்காரர், கடலுக்கு நூறடியில் வீடு. போல்ட்டு நட்டு எல்லாம் துரு பிடித்துத்தான் கைக்கு வந்தது.

ஆறு மாதமாக வீலி, அதாவது முன் வீலைத் தூக்கி ஓட்டப் பழகுகிறேன். ரோட்டில் இல்லை. ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் மாமாவுக்கு ஒரு செங்கல் சூளை உண்டு. இப்போது ஓடவில்லை. கல் அடுக்கிவைக்கப் போட்ட சிமெண்ட் தளம் 120 மீட்டர் நீளம் சும்மா கிடக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்.

ஒன்றாம் கியரில் 15 கிலோமீட்டர் வேகம் வந்ததும் கிளட்சைத் தட்டி விடுகிறேன், முன் வீல் இரண்டடி எழும்புகிறது. அதுவரை சரி. அப்புறம் ஆக்சிலேட்டரை ஒரு நூல் குறைத்தால் டப்பென்று கீழே விழுகிறது. ஒரு நூல் கூட்டினால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

கூட்டாளி ஒருத்தன், பின்னால் செயின் ஓடுகிற 39 பல் ஸ்பிராக்கெட்டை எடுத்துவிட்டு 45 போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறான். இன்னொருத்தன், ஒனக்க கை சரியில்ல என்கிறான். எதை நம்ப?

தோவாளை பூக்காரன்:

தம்பி, சூளையோடு நிறுத்திக்கொண்டாய், நல்லது. ரோட்டில் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு. முதல் தடவைக்கே ஓராண்டு வரை உள்ளே போடலாம், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். விடியக்காலை பூ மூட்டையோடு போகிற எங்களுக்கு எதிரே ஒற்றை வீலில் வருகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்பிராக்கெட் எல்லாம் எனக்குத் தெரியாது.

திங்கள்சந்தை ஸ்பானர்:

மக்கா, 45 பல் வாங்க வைத்திருக்கிற காசை அப்படியே பையில் வை.

கணக்கைப் பார். உன் வண்டியில் முன்னால் 14, பின்னால் 39. முன்னால் ஒரு பல் குறைத்து 13 போட்டால் 39ஐ 13ஆல் வகுக்க 3 வரும். முன்னால் 14ஐ அப்படியே விட்டுப் பின்னால் 42 போட்டாலும் அதே 3தான். அதாவது முன்பக்கம் ஒரு பல், பின்பக்கம் மூன்று பல்லுக்குச் சமம், விலையும் குறைவு. ஆனால் இதெல்லாம் தூக்குவதைத்தான் லேசாக்கும். உனக்குத்தான் தூக்குவதில் பிரச்சினையே இல்லையே. வெட்டுகிற வண்டிக்குப் பெரிய ஸ்பிராக்கெட் போட்டால் இன்னும் பலமாக வெட்டும், கேட்டியா.

பெரிய இன்ஜின் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. 1991இல் ஜப்பானில் யசுயூகி குடோ என்பவர் ஹோண்டா டிஎல்எம்220ஆர் என்கிற, மேடு பள்ளம் தாண்டுகிற சின்ன டிரையல் வண்டியில் 331 கிலோமீட்டர் ஒற்றை வீலில் போனார். நாகர்கோவிலிலிருந்து மதுரையைத் தாண்டுகிற தூரம். அது பவரால் வருகிறதில்லை.

உன் கைக்கும் பின் டயருக்கும் நடுவே எத்தனை இடத்தில் லூசு இருக்கிறது என்று எண்ணு. கேபிளில் ஒன்று, செயினில் ஒன்று, பின் ஹப்பில் ஒன்று. ஆக்சிலேட்டரைக் குறைக்கும்போது அத்தனை லூசும் ஒரு பக்கம் சாயும், கூட்டும்போது மறுபக்கம் அடிக்கும். அந்த அடிதான் உனக்குத் துள்ளல். நீ பையத்தான் திருகுகிறாய், போய்ச் சேருவது குத்தாகச் சேருகிறது.

வண்டியைப் பின் ஸ்டாண்டில் ஏற்று. இன்ஜின் ஆஃப். ஒன்றாம் கியரில் போடு. பின் வீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார். கொஞ்சம் ஆடும், அது கியர்பாக்ஸுக்கு உள்ளது. அப்புறம் ஒரு கையால் ஸ்பிராக்கெட்டையும் மறு கையால் டயரையும் பிடித்து எதிரெதிராகத் திருப்பு. ஸ்பிராக்கெட் தனியாகக் கடகட என்று ஆடினால் உள்ளே கப்ளிங் ரப்பர், அதாவது ஸ்பிராக்கெட்டுக்கும் வீலுக்கும் நடுவே குத்தைத் தாங்குகிற ரப்பர், போய்விட்டது. 38,000 ஓடின வண்டியில் அது நல்லதாக இருந்தால் எனக்குத்தான் ஆச்சரியம். வீலைக் கழற்றி ஸ்பிராக்கெட் கேரியரை உருவினால் தெரியும்: புது ரப்பர் இறுக்கி அழுத்தித்தான் உள்ளே போகும், பழையது பல்லு ஆடுகிற மாதிரி தானே கையில் வந்துவிடும். சிலர் பழைய டியூப்பை வெட்டி இடுக்கில் திணித்து ஓட்டுவார்கள். நானும் அவசரத்துக்குச் செய்து கொடுத்ததுண்டு. நீ புது செட்டே போடு.

அடுத்தது கேபிள். கடலோர வண்டி என்கிறாய், அப்படியானால் உள் கம்பி துரு ஏறி உறையோடு உரசும். பையத் திருகினால் முதலில் அசையாது, பிறகு ஒரேயடியாக நழுவும். எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டாம், மாற்று. புதுசு போட்டபின் கைப்பிடியில் 2, 3 மில்லிமீட்டர் பிளே வை. பிளே சுத்தமாகவே கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதே. இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி திருப்பிப் பார், ஆர்பிஎம் ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் இழுபடுகிறது. அதே கேபிளோடு முன் வீல் மேலே இருக்கும்போது ஹேண்டில் அசைந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

செயின் 25, 30 மில்லிமீட்டர் ஆட்டம் போதும். ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகி, வண்டி சும்மா நிற்கும்போது ஓடுகிற ஆர்பிஎம்மை 1,400லிருந்து 1,700க்கு ஏற்று. ஆக்சிலேட்டரை முழுக்க மூடினாலும் இன்ஜின் உடனே இழுத்துப் பிடிக்காது. கார்புரேட்டர் வண்டி என்பதால் இது உன் கையிலேயே முடியும். பின் டயர் காற்று 22 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், வீட்டுக்குத் திரும்பும்முன் பழையபடி ஏற்றிவிடு.

சரி, கைக்கு வருவோம். உன் கையிலும் கொஞ்சம் உண்டு, சொல்லாமல் விட முடியாது. வண்டி எழும்பும்போது உடம்பு பின்னால் சரியும். ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவாய், தொங்கினால் மணிக்கட்டு தானே ஆக்சிலேட்டரைத் திறக்கும். முழங்காலால் டேங்கை நெருக்கிப் பிடி. கைப்பிடியை அள்ளிப் பிடிக்காமல், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் வெளிப்பக்கமாகப் பிடி, முழங்கை வெளியே இருக்கட்டும்.

இறக்கும்போது ஆக்சிலேட்டரை டக்கென்று மூடாதே. மூடினால் முன் ஃபோர்க் ஆயில் சீலும், ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்கான கோன்செட்டும்தான் அடி வாங்கும். பின் பிரேக்கைப் பையத் தொட்டு இறக்கு, தரையைத் தொடும்போது இன்ஜின் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கட்டும்.

மணவாளக்குறிச்சி மண்:

ஸ்பானர் அண்ணன் கடைசியில் சொன்ன பின் பிரேக்கை நான் முதலில் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான், தோப்புக்குள் ஒரு களத்தில். காலில் ரப்பர் செருப்பு. முன் வீல் நன்றாகவே எழும்பியது, நெஞ்சுக்கு நேரே ஹெட்லைட் வந்தது, தெங்கு ஓலைகூடத் தெரிந்தது. பிரேக்கை மிதிக்கப் போனால் செருப்பு நழுவி, பெடலுக்குக் கீழே போய்விட்டது கால். வெப்ராளத்தில் கை இறுகியது, ஆக்சிலேட்டர் இன்னும் திறந்தது. பின்பக்கமாக விழுந்தேன், வண்டி என்னைத் தாண்டித் தென்னை மூட்டில் போய் நின்றது. இடது தோள் எலும்பு இரண்டாக உடைந்தது. மழை வந்தால் இன்னும் அது சொல்லும். ஹெல்மெட்டின் பின்பக்கம் வெடித்திருந்தது, அந்த அடி மண்டையில் விழுந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

கேள்வி ஒன்றுதான் தம்பி. இதுவரை எத்தனை முறை முன் வீலைப் பின் பிரேக்கால் இறக்கியிருக்கிறாய்?

குழித்துறை பையன்:

உண்மையைச் சொல்கிறேன் அண்ணே. ஒரு முறைகூட இல்லை. விழுந்தால் விழட்டும் என்று ஆக்சிலேட்டரை மூடித்தான் இறக்குவேன். ஷூ போட்டுத்தான் ஓட்டுகிறேன், ஆனால் கால் பெடலில் இருப்பதில்லை.

திங்கள்சந்தை ஸ்பானர்:

அப்படியானால் மேலே நான் எழுதினது எல்லாம் இரண்டாம் பாடம். முதலில் இது: பாதத்தின் முன்பகுதி எப்போதும் பெடல் மேலேயே. முன் வீலை ஒரு சாண் மட்டும் தூக்கு, தூக்கினதும் பிரேக்கைத் தொட்டு இறக்கு. நாற்பது தடவை. சலிப்பாகத்தான் இருக்கும். யோசிக்காமல் கால் தானாக மிதிக்கிற நாள் வந்த பிறகு உயரத்தைக் கூட்டு. வண்டி எவ்வளவு மேலே போனாலும் திரும்பக் கொண்டுவருவது அந்தப் பெடல்தான், கை இல்லை.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றில் பழக வேண்டாம். காற்றாடியைச் சுற்ற வைக்கிற காற்று உன் முன் வீலையும் ஒரு கை பார்க்கும்.

குழித்துறை பையன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கப்ளிங் ரப்பர் அண்ணன் சொன்ன மாதிரியே தானாகக் கையில் வந்தது, ஒன்று பாதி தேய்ந்து நிலாப்பிறை போல் இருந்தது. புது செட், புது கேபிள். முதல் நாளே பாதித் துள்ளல் போய்விட்டது. மிச்சம் பாதி என் கைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பிரேக் பாடம் நாற்பது சொன்னீர்கள், இரண்டு ஞாயிறில் அறுபதுக்கு மேல் செய்தேன். நேற்று முழங்கால் உயரத்தில் தூக்கி, தளத்தில் கிடக்கிற கல் அடுக்கு மூன்றைத் தாண்டும்வரை ஒரே சத்தத்தில் இன்ஜின் போனது. அந்தச் சத்தம் மாறாமல் இருப்பதுதான் இவ்வளவு நாள் நான் தேடினது என்று அப்போது புரிந்தது. மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, சாயா ஆறிப்போகுது என்றார், அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு சந்தேகம். வலது ஃபோர்க்கில் சீலுக்குக் கீழே வளையம் மாதிரி எண்ணெய் படிகிறது. துடைத்தால் மறுநாள் மறுபடி வருகிறது.

திங்கள்சந்தை ஸ்பானர்:

ஆறு மாதம் டப்பென்று போட்டதுக்கு அது பில். ஒன்று மட்டும் மாற்றாதே, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று, ஆயிலும் புதுசு. கோன்செட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம், ஹேண்டிலை நடுவில் வைத்துத் திருப்பும்போது எங்காவது பிடித்து நிற்கிறதா என்று பார். கடைக்குக் கொண்டு வா. திங்கள்கிழமை வேண்டாம், சந்தை நாள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.