புதுப்பிப்பு: சீலியாக் ஆய்வும் பெருங்காய டப்பாவும்

சீலியாக் நோய் ஆய்வு ஒன்றில் மருத்துவ மாணவனாகச் சேர்ந்திருக்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய் அது. "அது வடக்கத்தி நோய்தானே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பாதி சரி. மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் 23,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கில் 0.10 சதவீதம். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வித்தியாசம் தட்டில்தான்: அங்கே நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, இங்கே 25. ராத்திரி என்றாலே சப்பாத்தி என்று நம் வீடுகள் மாறிவரும்போது இது அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வில் என் வேலை தரவு ஏற்றுவதுதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிறையக் கற்பது நோயாளிகள் குழுவில். இட்லி தோசை இருக்க என்ன கவலை என்று நினைப்பவர்களை மாட்டிவிடுவது கூட்டுப் பெருங்காயம். பலவற்றில் மைதா கலந்திருக்கும். ரவா, சேமியா பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் தமிழில் ஒரு மளிகைப் பட்டியல் தயாரிக்கிறோம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று பொட்டலத்தில் போடக்கூடாது என்பது இந்திய விதி.

அப்புறம், "கோதுமையை நிறுத்திப் பார்க்கிறேன்" என்றவர்களுக்கு: இப்போதே நிறுத்தாதீர்கள். முதலில் டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனை, அதாவது மேலே சொன்ன எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

பட்டியல் தயாரானதும் இங்கேயே போடுகிறேன். உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.